கீழே விழுந்த ஏர் ரைபிள்: நான்கு நாள் வெளிப்பயணத்தில் குறி எங்கே போனது

மூன்றாம் நாள் மாலை ஐந்து பெல்லட் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) சுட்டுவிட்டுக் காகிதத்தைப் போய்ப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளும் கட்டைவிரலால் மூடிவிடலாம் என்கிற அளவுக்கு நெருக்கமாக இருந்தன, ஆனால் குறி வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் 46 மில்லிமீட்டர், கீழே 20 மில்லிமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. அன்று மதியம்தான் துப்பாக்கி பாறையில் சரிந்து விழுந்தது.

நுட்பமான ஏர் ரைபிளை மழை, தூசு, கரடுமுரடான பாதை எல்லாவற்றிலும் தூக்கிக்கொண்டு அலைந்தால் குறி நிற்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 'நிற்கும்', 'நிற்காது' என்று ஒரே சொல்லில் வரும் பதில் எதுவும் எனக்கு உதவியதில்லை. அதனால் நான்கு நாளில் நடந்ததை, அளந்ததை, நான் செய்த தப்பு உட்பட அப்படியே எழுதுகிறேன்.

துப்பாக்கியும் புறப்படும் முன் அளவும்

5.5 மில்லிமீட்டர் பிசிபி ரைபிள், அதாவது முன்கூட்டியே சிலிண்டரில் காற்றை அடைத்து வைக்கும் வகை. 250 பார் (அழுத்த அலகு) வரை நிரப்பலாம், ஒவ்வொரு சுடலுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும் ரெகுலேட்டர் உள்ளே 130 பாரில் வைக்கப்பட்டிருக்கிறது. பெல்லட் 18 கிரெய்ன், அதாவது 1.2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. க்ரோனோவில், அதாவது வேகம் அளக்கும் கருவியில், நொடிக்கு 270 மீட்டரை ஒட்டி வருகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 43 ஜூல். பேரல், அதாவது குழல், அரை மீட்டர் நீளம். பின்பக்கம் உடற்பகுதிக்குள் இரண்டு சின்ன கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) அதைப் பிடித்திருக்கின்றன, முன்பக்கம் ஒரு வளையம் பேரலையும் சிலிண்டரையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முந்தின நாள் காற்றில்லாத காலையில், 50 மீட்டரில், மணல்மூட்டை மேல் வைத்து ஐந்து ஐந்தாக ஐந்து குரூப் சுட்டேன். குரூப் என்றால் ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம், அது எவ்வளவு பரந்திருக்கிறது என்பதே அதன் அளவு. சராசரி 17 மில்லிமீட்டர். ஒரே ஒரு நல்ல குரூப்பைக் காட்டி 'என் துப்பாக்கி இவ்வளவு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து பெல்லட் தற்செயலாகவும் ஒன்றாக விழும். ஐந்து குரூப்பின் நடுப்புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஜீரோ, அதாவது குறி வைத்தால் பெல்லட் போய் விழும் இடம், உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பயணத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் பத்து, மாலையில் பத்து, அதே 50 மீட்டரில் காகிதத்தில். அன்றைய முதல் ஓட்டையை மட்டும் பேனாவால் வட்டமிட்டு வைப்பேன். இந்த வட்டம் பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

முதல் இரண்டு நாள்

முதல் நாள் முழுக்க வண்டியில். கற்பாதையில் பல மணி நேரம், துப்பாக்கி மெத்தைப் பையில். மாலையில் ஜீரோ அப்படியே இருந்தது, ஆனால் குரூப் 30 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. காரணத்தை ஸ்கோப்பிலும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஸ்க்ரூவிலும் தேடிக்கொண்டிருந்தபோது கூட வந்திருந்த அண்ணன் பெல்லட் டப்பாவை வாங்கி உள்ளங்கையில் கொட்டினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து, உள்ளே குழிவாக, மெல்லிய ஈயத் தகடாக இருக்கும். பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த விளிம்பு வட்டமாக இல்லை. சிலவற்றில் நகத்தால் அழுத்தியது போல ஒரு நெளிவு, சிலவற்றில் முட்டை வடிவம். டப்பா பாதி காலியாக இருந்ததால் நாள் முழுக்க உள்ளே குலுங்கி ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன.

நல்லவை இருபது, நெளிந்தவை இருபது என்று பிரித்து அங்கேயே சுட்டோம். நல்லவற்றின் குரூப் 18 மில்லிமீட்டர். நெளிந்தவை 34. துப்பாக்கிக்கு எதுவுமே ஆகவில்லை, ஈயத்துக்குத்தான் அடி. சுடும்போது காற்றழுத்தம் பாவாடையை விரித்துப் பேரலின் வரிகளோடு ஒட்ட வைக்கும், அதனால் சின்ன நெளிவு கொஞ்சம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா நெளிவும் சரியாவதில்லை, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் கிளம்பும் பெல்லட் 50 மீட்டரில் தன் இஷ்டத்துக்குப் போகிறது. அன்று இரவே டப்பாவின் வெற்றிடத்தை மெல்லிய ஸ்பாஞ்சால் அடைத்தேன், அதற்குப் பிறகு இந்தத் தொல்லை வரவில்லை.

இரண்டாம் நாள் மழை. ஸ்கோப்புக்குள் பனி படரவில்லை, நைட்ரஜன் அடைத்து மூடிய ஸ்கோப் என்பதால் அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மழை விட்ட உடனே சுட்ட முதல் பெல்லட் மட்டும் 5 சென்டிமீட்டர் தள்ளிப் போனது, அடுத்தவை வழக்கமான இடத்தில். பேரல் முனையில் சத்தத்தைக் குறைக்கும் மாடரேட்டரின் துளையில் நீர்த்துளி தேங்கியிருக்கிறது. அதன் பிறகு மழையில் நடக்கும்போது துப்பாக்கியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தேன், சுடும் முன் ஒருமுறை உதறினேன். என்னுடையது செயற்கை ஸ்டாக் (துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் கட்டை). மர ஸ்டாக்காக இருந்தால் ஈரத்தில் மரம் உப்பி, உடற்பகுதியைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் இறுக்கமே மாறும், அது தனிக் கதை.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. விடியலில் 16 டிகிரி, மதியம் 38. அடைத்த காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். மதியம் 200 பார் காட்டிய மீட்டர் விடியலில் ஏறக்குறைய 186 காட்டும், ஒரு துளி காற்றும் வெளியேறாமலே. கசிகிறது என்று பயந்து துப்பாக்கியைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும், பிரிக்காதீர்கள். ரெகுலேட்டர் இருக்கும் துப்பாக்கியில் சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்கு மேல் இருக்கும்வரை வேகம் பெரிதாக மாறாது. வெயிலில் வெளிக்காற்றின் அடர்த்தி குறைவதால் பெல்லட் கொஞ்சம் மேலே விழும், என் கணக்கில் 50 மீட்டரில் 3 மில்லிமீட்டர் அளவு. 17 மில்லிமீட்டர் குரூப்பில் அது கண்ணுக்கே தெரியாது.

விழுந்த நாள்

மூன்றாம் நாள் மதியம், தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில், துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்தேன். குண்டு போடாமல்தான் வைத்தேன், ஆனால் சாய்த்து வைத்ததே தப்பு. அது வழுக்கி, இடுப்பு உயரத்துக்கும் குறைவாக, பக்கவாட்டில் விழுந்தது. பேரலின் முன்பகுதி இடப்பக்கம் கல்லில் பட்டது. கீறல்கூடப் பெரிதாக இல்லை.

மாலையில் சுட்டபோதுதான் முதலில் சொன்ன காட்சி. குரூப் 19 மில்லிமீட்டர், ஆனால் முழுசாக இடம் மாறிய குரூப்.

அங்கே நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஸ்கோப்பின் திருத்தும் குமிழ் ஒரு க்ளிக்குக்குக் குறியைக் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நகர்த்தும், 50 மீட்டரில் அது 3.6 மில்லிமீட்டர். 46-ஐ வகுத்தால் பதின்மூன்று க்ளிக், 20-ஐ வகுத்தால் ஐந்தரை. குமிழில் கை வைத்தபோதே அண்ணன் சொன்னார்: "தம்பி, குமிழைத் தொடாத. எது ஆடுச்சுன்னு முதல்ல பாரு." நான் கேட்கவில்லை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் பதின்மூன்று, மேலே ஐந்து திருகினேன், சுட்டேன், பெல்லட் நடுவில் விழுந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலை, இரண்டு மணி நேரம் நடந்த பிறகு, குரூப் மறுபடியும் 15 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஏதோ ஒன்று தளர்ந்துபோய் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, நான் அந்த ஆட்டத்தின் மேலேயே ஜீரோ செய்திருக்கிறேன்.

எது ஆடியது

குரூப் விரிந்தால் ஒரு வகைக் காரணம், இடம் மாறினால் வேறு வகைக் காரணம். இதை முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. குரூப் விரிந்தால் பெல்லட், பேரலுக்குள் அழுக்கு, மாடரேட்டரில் உரசல், வேகத்தில் ஏற்ற இறக்கம், இவற்றைப் பார்க்க வேண்டும். குரூப் இறுக்கமாக இருந்து மொத்தமாக நகர்ந்தால், பேரலும் ஸ்கோப்பும் ஒன்றை ஒன்று பார்க்கும் கோணம் மாறியிருக்கிறது. அப்போது தேட வேண்டியது இறுக்கிப் பிடித்திருக்கும் இடங்களை மட்டும்தான். எத்தனையோ பேர் இடம் மாறிய குரூப்புக்குப் பேரலைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள்.

எவ்வளவு ஆடினால் இவ்வளவு நகரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். 50 மீட்டரில் 46 மில்லிமீட்டர் என்றால், அரை மீட்டர் பேரலின் நுனி நகர்ந்தது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்கோப் வளையங்கள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒரு வளையம் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாக, அதாவது ஒரு காகிதத்தாளின் தடிமன் அளவு, பக்கவாட்டில் நகர்ந்தாலே இந்த 46 வந்துவிடும். கண்ணால் பார்த்து 'எல்லாம் நேராகத்தானே இருக்கிறது' என்று சொல்வதற்கு இதில் அர்த்தமே இல்லை.

ஸ்கோப் பக்கம் எனக்கு ஒரு வசதி இருந்தது. ஸ்கோப் வளையமும் அது மாட்டும் உலோகப் பட்டையும் சேரும் இடத்திலும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் முன்பே நெயில் பாலிஷால் மெல்லிய கோடு போட்டு வைத்திருந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தோம், ஒரு கோடும் உடையவில்லை. ஸ்கோப் குழாயும் வளையத்துக்குள் வழுக்கவில்லை. ஆக ஸ்கோப் பிடிமானம் குற்றவாளி இல்லை.

மீதி பேரல். அண்ணன் துப்பாக்கியை மடியில் கிடத்தி, முன்வளையத்தின் ஓரத்தை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். நான்கு நாள் தூசு சிலிண்டர் மேல் மெல்லிய சாம்பல் படலமாகப் படிந்திருந்தது. வளையத்தின் இடப்பக்க ஓரத்தில் மட்டும், பிறை மாதிரி, மயிரிழை அகலத்துக்குத் தூசே இல்லாத கறுப்புப் பளபளப்பு. வளையம் அதுவரை அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது, இப்போது நகர்ந்திருக்கிறது. பிறகு பேரலின் பின்பக்க கிரப் ஸ்க்ரூவில் சாவியை வைத்து இரண்டு விரலால் மட்டும் திருப்பினார். ஒன்று அசையவில்லை. மற்றது கால் சுற்று, எந்த எதிர்ப்பும் இல்லாமல், வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது.

அந்தக் கால் சுற்றைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபமா நிம்மதியா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. வண்டிக் குலுக்கலில் முதல் நாளே அது கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும், விழுந்த அடி மிச்சத்தைச் செய்தது. ஸ்கோப் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் அடையாளக் கோடு போட்ட நான், பேரல் ஸ்க்ரூவுக்குப் போடவில்லை.

சரிசெய்ததும் சரிபார்த்ததும்

வீட்டுக்கு வந்த பிறகுதான் கை வைத்தேன். முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்து, சிலிண்டர் காற்றை முழுக்க வெளியேற்றினேன். அழுத்தம் இருக்கும் துப்பாக்கியில் எந்த ஸ்க்ரூவையும் அவிழ்க்காதீர்கள், எது காற்றைப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் விளைவு பயங்கரம். காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். பெட்ரோலிய எண்ணெயை உயரழுத்தப் பகுதியில் விட்டால் காற்று அழுந்தும் சூட்டில் தீப்பற்ற வாய்ப்புண்டு.

கிரப் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மென்மையான லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து திருகும் சாவி) கையேட்டில் சொன்ன அளவுக்கு மாற்றி மாற்றி இறுக்கினேன். முன்வளையத்தைத் தளர்த்தி, பேரல் தானாக நிற்கும் இடத்தில் நிற்கவிட்டு, பிறகு மெதுவாக இறுக்கினேன். எல்லாவற்றிலும் நெயில் பாலிஷ் கோடு.

பிறகு ஸ்கோப் குமிழைப் பயணத்துக்கு முன் இருந்த அதே இடத்துக்குத் திருப்பினேன், பதின்மூன்று வலம், ஐந்து கீழே. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, ஸ்க்ரூ மட்டும்தான் தளர்ந்தது என்றால், பழைய ஜீரோவே திரும்ப வர வேண்டும். இறுக்கிய பேரல் உட்கார முப்பது பெல்லட் சுட்டுவிட்டு, ஐந்து குரூப் எடுத்தேன். நடுப்புள்ளி பழைய இடத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி. குரூப் சராசரி 18. கல்லில் அடி வாங்கிய பேரல் வளையவில்லை, ஸ்கோப்பின் உள்ளே எதுவும் உடையவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது. நான்கு நாளும் மாலைக் குரூப் காலைக் குரூப்பைவிடச் சில மில்லிமீட்டர் கீழே விழுந்ததை, விழுந்த கதைக்கு நடுவில் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். காலையில் சிலிண்டரை நிரப்புவேன், மாலையில் குறைந்திருக்கும். வீட்டில் 250 பாரில் ஒரு குரூப், 150-ல் ஒரு குரூப் என்று ஒரே மணி நேரத்தில் சுட்டேன். வேகம் ஒன்றே, ஆனால் 9 மில்லிமீட்டர் வித்தியாசம். அழுத்தம் ஏறும்போது சிலிண்டர் மிக மிக நுண்ணிய அளவில் விரிகிறது, அந்த வளையம் அதன் அசைவைப் பேரலுக்குக் கடத்துகிறது. வளையம் பேரலைத் தொடாத வடிவமைப்புகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவற்றில் பக்கவாட்டு அடியைத் தாங்கப் பேரலின் பின்பக்கப் பிடிமானம் மட்டும்தான் இருக்கும். வெளியே அலைபவனுக்கு எது மேல் என்று கேட்டால், 9 மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொண்டு வளையம் உள்ளதையே எடுப்பேன். 250-லிருந்து 150 வரை ஓட விடாமல் 180-லேயே மறுபடி நிரப்பினால் அதுவும் பெரிதாகக் குறைந்துவிடுகிறது.

அடுத்தது அந்தப் பேனா வட்டங்கள். ஒவ்வொரு நாள் காலையும் முதல் பெல்லட் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கீழே. க்ரோனோவில் வைத்துப் பார்த்தபோது, இரவு முழுக்க ஓய்வில் இருந்த துப்பாக்கியின் முதல் சுடல் 262, அடுத்தது 270. பெல்லட் 50 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பால் 21 சென்டிமீட்டர் விழுகிறது, வேகம் 8 குறைந்தால் அந்த வீழ்ச்சி 12 மில்லிமீட்டர் கூடும். கணக்கும் காகிதமும் அப்படியே பொருந்தின. ரெகுலேட்டர் முழுசாக அடைக்காமல் இரவெல்லாம் துளித்துளியாகக் காற்றைக் கடத்துகிறது, வால்வுக்குப் பின்னால் அழுத்தம் 130-ஐத் தாண்டுகிறது, வால்வைத் தட்டித் திறக்கும் ஹாமர் அதை முழுசாகத் திறக்க முடியாமல் திணறுகிறது. தூசு நுழைந்ததாலா, ரெகுலேட்டரின் இருக்கை தேய்ந்ததாலா என்று பிரித்தால்தான் தெரியும்.

இதை வைத்து நான் நினைப்பது

ஒலிம்பிக்கில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அந்தத் துல்லியம் உண்மையானது, ஆனால் அது கூரைக்குக் கீழே, காற்றில்லாமல், பெட்டியிலிருந்து மேடைக்கு மட்டும் போகும் துப்பாக்கியின் துல்லியம். வெளியே நொடிக்கு 1 மீட்டர் பக்கக்காற்று, முகத்தில் பட்டாலும் உணர முடியாத அளவு, என் பெல்லட்டை 50 மீட்டரில் 2 சென்டிமீட்டர் தள்ளிவிடும். துப்பாக்கியைப் பக்கவாட்டில் 5 டிகிரி சாய்த்துப் பிடித்தாலும் ஏறக்குறைய அதே அளவு. மலைச்சரிவில் நின்றுகொண்டு 5 டிகிரி சாய்வதை யாரும் உணர்வதில்லை, ஸ்கோப்பில் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழி வைத்த பிறகுதான் நான் எவ்வளவு சாய்த்துச் சுடுகிறேன் என்று தெரிந்தது. துப்பாக்கி மேல் பழி போடும் முன் இந்த இரண்டையும் கழித்துவிடுங்கள்.

ஸ்பிரிங் வகை பற்றியும் கேட்பார்கள். அதில் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் இல்லை, ரெகுலேட்டர் இல்லை, நிரப்பப் பம்ப் வேண்டாம், அடி வாங்கினாலும் சுட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் சுடும்போது முன்னும் பின்னும் உதைப்பதால் ஸ்டாக் ஸ்க்ரூக்களைத் தானே தளர்த்திக்கொள்ளும், பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலே பெல்லட் இடம் மாறும். அதற்கென்று செய்யாத ஸ்கோப்பை அந்த உதை உடைத்தும்விடும். வெளியில் உயிரோடு இருப்பதற்கு அது, 50 மீட்டரில் கட்டைவிரல் அளவு குரூப்புக்கு பிசிபி.

ஏர் ரைபிளை வெளியில் கொண்டுபோய்ப் பாடு பட்டது நாம் முதலில்லை. ஜிரார்டோனி என்னும் காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்டது. 1803 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் கடந்த லூயிஸ் - கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைச் சுமந்து போனது. 1805-ல் குழுத் தலைவர்களில் ஒருவரான லூயிஸ் தன் நாட்குறிப்பில் அதன் குறிமுனைகள் ஏதோ விபத்தில் பெயர்ந்துவிட்டதையும், தான் அதைச் சரிசெய்து ஒழுங்குபடுத்தியதையும், பழையபடி நன்றாகவே சுட்டதையும் எழுதியிருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முன்னாலும் பெயர்ந்ததைச் சரிசெய்த பிறகு துப்பாக்கி பழையபடி சுட்டிருக்கிறது. அதைப் படித்தபோது மனசுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அதே பாதையில் சென்ற மாதம் மறுபடியும் போய்வந்தேன். மெத்தைப் பைக்குப் பதில் கெட்டிப் பெட்டி, பையில் சாவிகளும் சின்ன டார்க் ரெஞ்சும், தினமும் மாலை சுடும் முன் எல்லாக் கோடுகளையும் டார்ச் அடித்து ஒரு பார்வை. ஓய்வெடுக்கும்போது துப்பாக்கியைச் சாய்த்து வைக்கவில்லை, படுக்க வைத்தேன். நான்கு நாள் முடிவில் ஜீரோ 5 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது, குரூப் 18. கிரப் ஸ்க்ரூவின் கோடு உடையாமல் இருக்கிறது. ரெகுலேட்டரை இன்னும் பிரிக்கவில்லை, காலையில் முதல் பெல்லட் இப்போதும் 12 மில்லிமீட்டர் கீழேதான் விழுகிறது, அந்த ஒன்றை மண்மேட்டில் சுட்டுவிட்டு அப்புறம்தான் காகிதத்துக்குப் போகிறேன்.